சாமி தட்டில் இருந்த சாவி

தியாகராய நகர்,
9 ஜூன் 2024

அன்புள்ள தங்கச்சி சந்திரிகாவுக்கு,

அண்ணன் வெள்ளைத்துரை எழுதுகிறேன். நானும் உன் மதினியும் ராகேஷும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் பேட்டரியை நீயே தூக்காதே, ஆள் வைத்துத் தூக்கச் சொல் என்று எத்தனை தடவை சொல்வது? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னதும் ஒரு வகையில் நல்லதுதான். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போக உன்னால் முடியாது.

உன் மருமகன் ராகேஷ் ஒரு கார் வாங்கியிருக்கிறான். அதைக் கார் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது. இரண்டே சீட், கல்யாணக் கேசரி மாதிரி மஞ்சள் நிறம். பெங்களூரில் எவனோ பணக்காரன் ஓட்டிச் சலித்துப்போய் விற்ற ஸ்போர்ட்ஸ் காரை, ஏதோ குலதெய்வத்தைக் கூட்டி வருவது போல லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதில் உட்கார்ந்தால் முட்டி மூஞ்சிக்கு வருகிறது. எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஒரு தோல் நாற்றம், அதன் மேல் இவன் அடிக்கும் சென்ட் நாற்றம், எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. வாசலில் நின்றால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பக்கத்தில் சாய்ந்து போட்டோ எடுக்கிறான். நேற்று ஒருத்தன் நம் கேட் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். ரங்கநாதன் தெருவில் முப்பது வருஷம் துணி கிழித்து விற்றது இதற்குத்தான் போலிருக்கிறது.

ஓட்டுவதும் கிடையாது. பாண்டி பஜார் நெரிசலில் அதை எங்கே ஓட்ட? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் ஒரு ஓட்டம். மற்ற ஆறு நாளும் போர்ட்டிகோவில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. உன் மதினி வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கதவையும் திறந்து வைத்துச் சாம்பிராணி காட்டுகிறாள். கடைச் சாவி, லாக்கர் சாவி, வண்டிச் சாவி எல்லாம் முருகன் படத்துக்கு முன்னால் தட்டில்தானே நம் வீட்டில் கிடக்கும். இந்தச் சனியனின் சாவியும் இப்போது அங்கேதான் கிடக்கிறது.

இரண்டு வாரமாகப் புது வியாதி. ஸ்டார்ட் செய்தால் கியர்பாக்ஸ் கோளாறு என்று எழுத்து வருகிறது. மறுநாள் பிரேக் கோளாறு என்கிறது, அதற்கடுத்த நாள் ஸ்டீரிங். பிறகு ஒன்றுமே இல்லை என்கிறது. டிரைவர் முருகையன்தான் தினமும் துடைக்கிறான். "அண்ணாச்சி, இது வண்டி இல்ல, சீக்குக் கோழி" என்கிறான். அக்கா முட்டிக்கு வலி குறைந்ததா என்று உன்னைக் கேட்கச் சொன்னான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வெள்ளைத்துரை


கோவில்பட்டி,
17 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவுமில்லை குறையவுமில்லை. மதினிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.

மருமகன் ஆசைக்கு வாங்கியிருக்கிறான், நீங்கள் வயிறெரிகிறீர்கள். நீங்கள் முதல் முதலில் புல்லட் வாங்கியபோது அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கேசரி நிறம் என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். கடையில் இருந்த டிராக்டர்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒரு நாள் பிரேக், ஒரு நாள் ஸ்டீரிங் என்று மாறி மாறிச் சொல்கிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வண்டியின் பேட்டரியை யாராவது பார்த்தார்களா?

முருகையனிடம் அக்கா கேட்டதாகச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு வைத்தியம் நடந்த நாற்பது நாளும் அடையாறு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன். கேன்டீனில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டாச்சு என்று பொய் சொல்வான். அவன் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதினாளே, பாஸ் தானே?

தங்கை
சந்திரிகா


தியாகராய நகர்,
2 ஜூலை 2024

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். நான் நலமாக இல்லை. வெளியே தலைகாட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் ஜவுளிச் சங்கத் தலைவர் வீட்டுக் கல்யாணம். "அப்பா, இதில்தான் வரணும், எல்லாரும் பார்க்கட்டும்" என்று ராகேஷ் பிடிவாதம் பிடித்தான். நானும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பொந்துக்குள் நுழைந்தேன். வடக்கு மாட வீதியில் சிக்னலுக்கு நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க அப்படித்தான் அணையுமாம். அணைந்தது அணைந்ததுதான். கண் முன்னால் இருக்கிற விளக்கெல்லாம் தீபாவளி மாதிரி எரிந்தது. கியர் பூட்டிக்கொண்டது, அதனால் தள்ளவும் முடியாது. கதவைத் திறந்தால் கண்ணாடி ஒரு விரல்கடை தானாக இறங்க வேண்டுமாம், அது இறங்கவில்லை. ராகேஷ் இடுக்கிப் பிடித்துத் திறந்தான், திறந்த கதவு பிறகு மூடவில்லை.

பின்னால் தண்ணீர் லாரி. சுற்றிலும் கூட்டம். "இன்னா பெரிசு, எய்ந்துக்க முடியலயா?" என்று பூக்கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கொண்டே என் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தான். வேட்டி நழுவியது. பத்துப் போன் என்னைப் படம் பிடித்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது சந்திரிகா, அறுபத்திரண்டு வயதில் நடுத்தெருவில் அரைகுறை வேட்டியோடு.

பெரிய வண்டியில் உன் மதினியோடு பின்னால் வந்த முருகையன்தான் ஓடி வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தான். அப்படியே மறைத்துப் பெரிய வண்டிவரை கூட்டிப்போனான். "நீங்க தலய குனியாதீங்க அண்ணாச்சி, வண்டிதான் மக்கர் பண்ணிச்சு, நீங்க இல்ல" என்றான்.

சனியனைக் கொட்டிவாக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போயிருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஏ.சி., காபி கொடுக்கிறார்கள். கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் போய்விட்டது, ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்று சட்டையில் மடிப்புக் கலையாத ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். மெக்கானிக் கையில் கரி இல்லை என்றாலே எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அண்ணன்
வெள்ளைத்துரை


கோவில்பட்டி,
10 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் நலம்தானே? மயிலாப்பூர் விஷயத்தை நினைத்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்தில் வேறு எவனாவது வழுக்கி விழுவான், ஜனம் அதைப் பார்க்கப் போய்விடும். உங்களுக்குத் துண்டு பிடிக்க ஒரு ஆள் இருந்தானே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை மாற்றும் முன்பு பேட்டரியைப் பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டியில் கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று முப்பது நாற்பது கம்ப்யூட்டர் இருக்கும். எல்லாம் ஒரே பேட்டரியில்தான் பால் குடிக்கின்றன. பேட்டரி தெம்பாக இருந்தால் நிறுத்தி வைத்த வண்டியில் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது இறங்கிவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பசியில் உளற ஆரம்பிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் கீழே விழும், அந்த நொடியில் ஒன்று கியர் கெட்டது என்று அலறும், இன்னொன்று பிரேக் கெட்டது என்று அலறும். நிஜத்தில் கியரும் நன்றாக இருக்கும், பிரேக்கும் நன்றாக இருக்கும். கண்ணாடி இறங்காததும் எஞ்சின் திரும்பக் கிளம்பாததும் அதே கதைதான்.

வாரத்தில் ஆறு நாள் படுத்திருக்கும் வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர ஓட்டத்தில் அதற்குச் சார்ஜ் எங்கே ஏறும்? வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைத்துச் சாம்பிராணி வேறு. இருபது வருஷமாகப் பேட்டரி விற்கிறவள் சொல்கிறேன், ஒரு மீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

தங்கை
சந்திரிகா


தியாகராய நகர்,
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

நலம். உன் முட்டிக்கு இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார், வந்தால் காட்டலாம்.

உன் யோசனையை ராகேஷிடம் சொன்னேன். "அத்தை டிராக்டர் பேட்டரி விற்கிறவங்கப்பா, இது வேற லெவல்" என்றான். நானும் ஒர்க்‌ஷாப்காரனிடம் கேட்டேன். பேட்டரியெல்லாம் செக் பண்ணியாச்சு என்று காபியை நீட்டினான்.

கம்ப்யூட்டர் மாற்றி, எட்டு நாள் அங்கேயே வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எட்டு நாளும் ஒரு விளக்கும் எரியவில்லை. வீட்டுக்கு வந்தது. நாலாம் நாள் பழைய கதை. பிரேக், ஸ்டீரிங், அதோடு அலாரம் வேறு தானாக அடித்துத் தெருவே எட்டிப் பார்த்தது. "எங்க இடத்தில் நல்லா இருக்கு, உங்க வீட்டில் கெட்டுப்போகுதுன்னா வீட்டில் யாரோ கை வைக்கிறாங்க சார்" என்று அந்த மடிப்புச் சட்டை சொன்னான். ராகேஷின் போனில் ஒரு செயலி இருக்கிறது. வண்டி எப்போது விழித்தது என்று அதில் செய்தி வரும். மத்தியானம் இரண்டே முக்கால், மூன்றரை, நாலே கால் என்று வரிசையாக வந்திருக்கிறது. அந்த நேரம் நாங்கள் எல்லோரும் கடையில் இருப்போம். வீட்டில் யார் இருப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

முருகையன் இப்போது நம்மிடம் இல்லை. நின்றுவிட்டான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அந்த வியர்வையும் கூச்சலும் இந்த வருஷம் எனக்குச் சகிக்கவில்லை.

அண்ணன்
வெள்ளைத்துரை


கோவில்பட்டி,
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பெல்லாம் பிறகு விசாரிக்கிறேன். முருகையன் நின்றானா, நீங்கள் நிறுத்தினீர்களா?

இருபத்திரண்டு வருஷம். ராகேஷை ஸ்கூலுக்குத் தூக்கிப்போனவன் அவன். கடை வசூலை வண்டியில் வைத்துக்கொண்டு தனியாக பேங்குக்குப் போனவன். அவன் மேல் சந்தேகப்பட ஒரு போன் போதுமா உங்களுக்கு? மூன்று மணிக்கு வண்டி விழித்தது என்றால் எங்காவது போனதா? கிலோமீட்டர் ஏறியிருந்ததா? அதைப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. எனக்குப் படிக்கப் படிக்க வெறுப்பாக இருந்தது. நான் விற்பது டிராக்டர் பேட்டரிதான், ஆனால் திருடன் என்று யாரையும் சொல்லும் முன்னால் மீட்டரை வைத்துப் பார்ப்பேன்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எட்டு நாள் நன்றாக இருந்தது. ஏன்? அங்கே நிறுத்தும் வண்டியைச் சார்ஜரில் மாட்டித்தான் வைப்பார்கள். மருமகன் வண்டியின் சாவி பையில் இருந்தாலே போதும், பக்கத்தில் போனால் வண்டி தெரிந்துகொள்ளும் ரகம்தானே? ஒர்க்‌ஷாப்பில் சாவி ஆபீஸ் மேஜைக்குள் தூரத்தில் இருந்திருக்கும். நம் வீட்டில் சாவி எங்கே இருக்கிறது? போர்ட்டிகோவுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

முருகையனை என்ன செய்தீர்கள் என்பதற்கும் சேர்த்து எழுதுங்கள்.

சந்திரிகா


தியாகராய நகர்,
30 ஆகஸ்ட் 2024

சந்திரிகாவுக்கு,

நலம். சாவி சாமி தட்டில் இருக்கிறது, வேறெங்கே இருக்கும்? சாமி அலமாரிக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். தட்டிலிருந்து வண்டிக்கு ஆறடிகூட இருக்காது.

முருகையன் விஷயத்தை விடு. முறையாகத்தான் செய்தேன். சாமிக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டேன். கிலோமீட்டர் ஏறவில்லைதான். ஓட்டாமல் உள்ளே உட்கார்ந்து ஏ.சி. போட்டுத் தூங்கியிருக்கலாம் என்று ராகேஷ் சொன்னான்.

அண்ணன்


கோவில்பட்டி,
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறடி. இதைத்தான் நினைத்தேன்.

அந்தச் சாவி பக்கத்தில் இருந்தால் முதலாளி வந்துவிட்டார் என்று வண்டி எழுந்து உட்காரும். உள்ளே கம்ப்யூட்டர்கள் எல்லாம் கண் விழிக்கும். கதவு திறக்கவில்லையே என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படுக்கும், திரும்ப எழும். ராத்திரி பகல் பாராமல் இதே வேலை. ராத்திரி விழித்த செய்தியும் அந்தப் போனில் இருந்திருக்கும், நீங்கள் மத்தியானத்தை மட்டும் பார்த்தீர்கள். மூன்று மணிக்கு விழித்தது, நாலே காலுக்கு விழித்தது என்று போன் சொன்னது சரிதான். எழுப்பியது முருகையன் இல்லை, தட்டில் இருந்த சாவி. தூங்கவே விடாமல் பேட்டரியை நீங்கள்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்.

என்னை நம்ப வேண்டாம். பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றாமலே முழுசாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். சாவியை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு இறுக மூடி, வீட்டின் பின்பக்கம் சமையலறையில் வையுங்கள். பத்து நாள். ஒரு விளக்கும் எரியாது. எரிந்தால் நான் கடையைப் பூட்டிவிடுகிறேன்.

எரியாவிட்டால் பதினோராம் நாள் காலையில் முதல் வேலையாக முருகையன் வீட்டுக்குப் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை
சந்திரிகா


கோவில்பட்டி,
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து வாரமாகிறது. கடிதம் போய்ச் சேரவில்லையோ என்று மதினிக்குப் போன் செய்தேன். மஞ்சள் வண்டி ஒரு மாசமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறதாம். முறுக்குச் சம்படத்தில் சாவி இருக்கிறதாம். ஆயுத பூஜைக்கு நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினீர்களாம். வழக்கமாகப் பூசணிக்காய் உடைப்பவன் இல்லாமல் யார் உடைத்தார்கள் என்று கேட்டேன். மதினி அழுதாள். போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் அவனைப் பார்க்கப் போகவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. ஆதம்பாக்கம் விலாசம் என்னிடம் இருந்தது, நானே அவனுக்கு எழுதியிருக்கிறேன்.

சந்திரிகா


ஆதம்பாக்கம்,
28 அக்டோபர் 2024

சந்திரிகாக்காவுக்கு முருகையன் எய்துறது,

வணக்கம்கா. நல்லா கீறீங்களா? முட்டி வலி எப்டி கீது? எங்க ஊட்ல சம்சாரம் தேவானையும் பொண்ணும் நல்லா கீறாங்க. பொண்ணு பாஸ் பண்ணி காலேஜ் சேந்துக்கினா. எனக்கு புஸ்தகத் தமிய் வராது, பேசற மாரியே எய்துறேன், தப்பா நெனச்சிக்காதீங்க.

இன்னா நடந்திச்சுன்னு கேட்டு எய்தியிருந்தீங்க. தேவானை எய்தாதன்னுதான் சொல்லிச்சு. நீங்க கேட்டா சொல்லாம இருக்க முடியாது.

ஆடி மாசம் ஒரு செவ்வாக்கெயம அண்ணாச்சி கூப்ட்டாரு. கடை சூப்பரவைசருங்க நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க. மொதலாளியம்மா, ராகேசு தம்பி எல்லாம் இருந்தாங்க. வண்டிய தொட்டியான்னு கேட்டாரு. தொடைக்கத்தான் தொட்டேன்னேன். சாமி முன்னாடி சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணேன். தட்டுல எரிஞ்சிகினு இருந்தத கையால அடிச்சி அணைச்சேன். ஒண்ணியும் ஆவல.

தம்பி போனக் காட்டி, அப்போ இது இன்னான்னுச்சு. எனக்குத் தெரியாதுன்னேன். அண்ணாச்சி, சூடம் சின்னது, சீக்கிரம் அணைஞ்சிடிச்சின்னாரு. பெரிய கட்டியா ஒண்ணு எடுத்து என் வலது கையில வெச்சி, அவரே ஏத்தினாரு. தானா அணையற வரைக்கும் புடின்னாரு. புடிச்சேன்கா. கை நடுங்கல. பொய் சொல்றவன் கைதானே நடுங்கும். சூப்பரவைசருங்க ரெண்டு பேரு மூஞ்ச திருப்பிக்கினாங்க. அம்மா அய்துகினே உள்ள பூட்டாங்க. நான் சாமியப் பாக்கல, தட்டப் பாத்துகினு இருந்தேன். அந்த மஞ்ச வண்டி சாவி அங்கதான் கெடந்துச்சு.

அணைஞ்சப்புறம் அண்ணாச்சி, நாளைலேந்து வராதன்னாரு.

அன்னிக்கி மயிலாப்பூர்ல துண்டு புடிச்சேனே, அந்தக் கைதான். கொப்புளம் ஒடைஞ்சி ஒண்ற மாசம் ஸ்டீரிங் புடிக்க முடியல. இப்போ அடையார்ல ஒரு அப்பார்ட்மென்ட்ல காரு கய்வுறேன். துட்டு கம்மிதான், பரவால்ல. ஒண்ணுதான் கஷ்டமா கீது. சோறு துன்ன கைய வாயாண்ட எடுத்துனு போனா சூடம் வாசன வருது. எத்தினி சோப்பு போட்டாலும் வருது. கோயிலுக்குப் போனா கொமட்டுது, வெளியவே நின்னு கும்புட்டு வந்துர்றேன். தேவானை அதெல்லாம் உன் நெனப்புன்னுது.

உங்களுக்கு மாத்திரம்தான் சொன்னேன். அண்ணாச்சியாண்ட இத்த கேக்காதீங்க. அவரு அசிங்கப்படுவாரு.

முருகையன்


கோவில்பட்டி,
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் வலது உள்ளங்கை நலமா?

வேறு ஒன்றும் கேட்பதற்கில்லை.

சந்திரிகா


தியாகராய நகர்,
20 டிசம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி சந்திரிகாவுக்கு,

என் வலது உள்ளங்கை நலமாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

உன் கடிதம் வந்து ஆறு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். அந்த ஒற்றை வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன், வந்தேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கை முதலில் கண்ணில் பட்டது. செப்டம்பரில் நீ சொன்ன மாதிரியே சார்ஜ் போட்டு, சாவியைச் சம்படத்தில் அடைத்தேன். பத்து நாளும் ஒரு விளக்கு எரியவில்லை. பதினோராம் நாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, கடைக்குப் போய்விட்டேன். பன்னிரண்டாம் நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு கேட் வரைக்கும் போவதையும் விட்டுவிட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கிய அன்றைக்கு அந்த வாசனையில் எனக்கு வாந்தி வந்தது, பித்தம் என்று உன் மதினியிடம் சொன்னேன்.

மஞ்சள் வண்டியை விற்கச் சொல்லிவிட்டேன். ராகேஷ் என்னோடு பேசுவதில்லை. ஒர்க்‌ஷாப்காரனோடு சண்டைக்குப் போகிறேன் என்று குதித்தான். போ, ஆனால் முதலில் முருகையன் மாமாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான். நான் எப்படியோ அப்படித்தானே வளர்த்திருக்கிறேன்.

முந்தாநாள் போனேன். ஆதம்பாக்கத்தில் தேவானை என்னை உள்ளே கூப்பிடவில்லை. அடையாறு விலாசத்தை மட்டும் வாசலில் நின்றபடி சொன்னாள். பெரிய வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன், திரும்பி வரும்போது அவன்தான் ஓட்டி வருவான் என்று ஒரு நினைப்பு. அப்பார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் வெள்ளை வண்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வழக்கம் போல, "வாங்க அண்ணாச்சி, சாப்ட்டீங்களா?" என்றான். அந்த ஒரு கேள்வியில் நான் செத்தேன்.

எல்லாம் சொன்னேன். பேட்டரி, சாவி, சம்படம், நீ எழுதியது, ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"நான் சொன்னேன், நம்பல அண்ணாச்சி. சாமி முன்னாடி சொன்னேன், நம்பல. பேட்டரி சொல்லிச்சு, நம்பி இவ்ளோ தூரம் வந்துட்டீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. வண்டியில் என்ன ரிப்பேர் என்று சொல்வானே, அதே குரல்.

"ஏல முருகையா, பழசை விடு, வா, வீட்டுக்குப் போவோம்" என்று பெரிய வண்டியின் சாவியை நீட்டினேன்.

அவன் வலது கையை லுங்கியில் துடைத்துவிட்டு விரித்து நீட்டினான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியை அதில் வைக்கப் போனேன். உள்ளங்கை நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் வேறு நிறமாக, வழவழவென்று, ரேகை இல்லாமல் இருந்தது. அதன் மேல் எப்படி வைப்பது என்று தெரியாமல் என் கை அந்தரத்தில் நின்றது. அவன் மடக்கவில்லை. அப்படியே காட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டீங்களா அண்ணாச்சி?" என்றான். பிறகு கையை எடுத்துக்கொண்டு வாளியைத் தூக்கி அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். சாவி வாங்கத்தான் கையை நீட்டினான் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதைச் சாமி தட்டில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வெள்ளைத்துரை